அணு உலை எங்கே என்று கேட்ட அண்ணாவுக்கு

நடுவர் ஐயாவுக்கும் சபையோருக்கும் வணக்கம். எட்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். மணியோடு இருப்பவர் இப்போதே என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

‘மனித குலத்துக்குப் பெரிய ஆபத்து இயற்கை அனர்த்தமா, மனிதன் தேடிக்கொள்ளும் அனர்த்தமா’ என்பது தலைப்பு. மனிதன்தான் என்று பேச வந்திருக்கிறேன். தொழிற்சாலை, அணு, கிருமி என்று ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் வந்தேன், தாள் இதோ கையில் இருக்கிறது. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணா எல்லாவற்றையும் குழப்பிவிட்டார். “தங்கச்சி வந்து அணு, நச்சுவாயு என்று வெருட்டப் போகிறா. கொழும்பில் அணு உலை எங்கே இருக்கிறது? வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னாலா?” என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். இரண்டாவது வரிசையில் இருக்கும் என் மாமாவும் தட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாமா தட்டியதால் மாமாவின் கதையையே சொல்கிறேன். 2021 கடைசியில் நாட்டில் காஸ் சிலிண்டர் வெடித்தது நினைவிருக்கிறதா? தினமும் செய்தி. அங்கே அடுப்பு வெடித்தது, இங்கே கண்ணாடித் தட்டு சிதறியது. எங்கள் தொடர்மாடியில் முதலில் விழித்துக்கொண்டது என் மாமிதான். சிலிண்டரைப் பல்கனிக்கு உருட்டினா. பழைய பிரஷ் ஒன்றில் சவர்க்கார நுரை தொட்டு ரெகுலேட்டரைச் சுற்றித் தேய்த்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பா. மற்ற வீடுகளில் படுக்கப் போகும்முன் பிள்ளைகளுக்குப் பல் தீட்டுவார்கள். எங்கள் வீட்டில் சிலிண்டருக்கு.

அப்புறம் காலைத் தேநீர். அடுப்பைப் பற்றவைக்கும் பொறுப்பு மாமாவுக்கு. அந்த நேரம் மாமி எங்கே? நகைப் பை, வங்கிப் புத்தகம், பேரன் மூன்றையும் தூக்கிக்கொண்டு வெளியே படிக்கட்டில். நடுவர் ஐயா, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். நகை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, பேரன் இருக்கிறான். நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரைக் காணோம்!

ஒருநாள் நெருப்புப்பெட்டி ஈரம். மாமா உள்ளேயிருந்து “பத்தேல்லை!” என்று கத்தினார். மாமியின் காதில் “பத்திட்டுது!” என்று விழுந்தது. அவ்வளவுதான். மாமி நாலு மாடி இறங்கினா. மாமி இறங்குவதைப் பார்த்து மூன்றாம் மாடி இறங்கியது. இரண்டாம் மாடி அன்ரி பாதி துருவிய தேங்காயோடு இறங்கினா. வீதியில் நின்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மாமி அழவே தொடங்கிவிட்டா, அந்தப் பை மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. அப்போது நாலாம் மாடிப் பல்கனியில் சிலிண்டருக்குப் பக்கத்தில் மாமா வந்து நின்று, கீழே பார்த்துக் கேட்டார்: “தேத்தண்ணி வைக்கவோ, வேண்டாமோ?”

சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் வேறு வீடுகளில் ஆட்கள் காயப்பட்டார்கள், உயிர்களும் போயின. பூமி அதிர்ந்ததாலா? ஜனாதிபதி நியமித்த குழு விசாரித்துவிட்டு, சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை விகிதத்தை மாற்றியதுதான் முக்கிய காரணம் என்றது. யாரோ ஒரு மேசையில் இருந்து ஒரு விகிதத்தை மாற்ற, ஊர் முழுக்கச் சிலிண்டருக்குப் பல் தீட்டியது. அணு உலை எங்கே என்று கேட்ட அண்ணா, உங்கள் அடுப்படியில் இருந்தே தேடத் தொடங்கலாம்.

அணு உலைக்கே வருவோம். சுனாமியை எதிரணி தன் கணக்கில் எழுதிவிட்டது. 2004இல் ஒரே காலையில் நம் நாட்டில் 30,000 பேருக்கு மேல் போனார்கள். அந்த உயிர்களைக் காட்டி வாதத்தில் வெல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது, இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. சுமாத்திராவில் இருந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

2011இல் ஜப்பானில் புக்குஷிமா. அதுவும் சுனாமிதானே என்பீர்கள். அந்த அணுமின் நிலையத்தைக் கட்டும்போது 35 மீற்றர் உயர மேட்டை வெட்டி 10 மீற்றருக்கு இறக்கினார்கள். அலை ஏறி, கீழ்த்தளத்து மின்பிறப்பாக்கிகள் மூழ்கி, உலையைக் குளிர வைக்க மின்சாரம் இல்லாமல் போனது. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு இன்னும் கிட்ட இருந்தது ஒனகாவா நிலையம். அதை மேட்டில் கட்டியிருந்தார்கள், தப்பியது. ஜப்பான் பாராளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவே இது மனிதன் உண்டாக்கிய அனர்த்தம் என்று எழுதிவிட்டது. ஆகவே புக்குஷிமாவைத் தயவுசெய்து எங்கள் அணிக்குத் திருப்பித் தந்துவிடுங்கள்.

இந்தியாவின் போபால், 1984 டிசம்பர். தொழிற்சாலையில் இருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நச்சுவாயுத் தாங்கியைக் குளிர வைக்கும் இயந்திரத்தை அதற்கு மாதங்கள் முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள். கிருமி என்றால் 1979இல் சோவியத்தின் சுவெர்ட்லொவ்ஸ்க். அந்த நகரத்து இராணுவக் கூடத்தில் இருந்து அந்திராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி காற்றில் கசிந்து 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அரசாங்கம் பழியைக் கெட்டுப்போன இறைச்சி மேல் போட்டது. உண்மையை ஒப்புக்கொள்ள 1992 வரை ஆனது. செர்னோபில் தாளில் இருக்கிறது, நேரம் இல்லை.

அண்ணா, நம் கடலுக்கு வருவோமா? இந்த மண்டபத்தில் இருந்து காலி வீதியைத் தாண்டி இறங்கினால் வரும் அதே கடல். 2021 மே 20, எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீ. உள்ளே 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் கசிகிறது என்று தெரிந்தே கப்பல் வந்தது. கட்டாரிலும் இந்தியாவிலும் இரண்டு துறைமுகங்களில் அந்தக் கொள்கலனை இறக்க முடியாமல் போனது. கடைசியில் எரிந்து மூழ்கியது நம் வாசலில். வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் கரை முழுக்க ஒதுங்கின. செத்த ஆமைகளும் ஒதுங்கின.

எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் ஐயா ஒருவர் இருக்கிறார், நீர்கொழும்புப் பக்கம். கடலுக்குப் போகத் தடை வந்தது. தடை இல்லாத இடத்து மீனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாலும் ஒருவரும் வாங்கவில்லை, “பிளாஸ்டிக் தின்ற மீன்” என்றார்கள். ஒருநாள் எங்கள் கேற்றடியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு பாரையை எடுத்துப் பலகையில் வைத்து, வயிற்றைக் கீறி, குடலை விரலால் விரித்துக் காட்டினார். “பாருங்கோ பிள்ளை, ஒண்டும் இல்லை. பாருங்கோ.” நான் பார்த்தேன். ஒன்றும் இல்லைதான். ஆனாலும் வாங்கவில்லை, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான். அவர் அந்த மீனைக் கழுவித் திரும்பப் பெட்டியில் வைத்தார். வெள்ளம் வந்தபோதும் தொழிலை விடாமல் நின்றவர், சுனாமிக்குப் பிறகும் வலை வாங்கியவர். அன்றைக்குத்தான் “வேற தொழில் பார்க்கவேணும் பிள்ளை” என்றார்.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது ஐயா, ஒரு நிமிடம். மீதொட்டமுல்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. பலகாரத் தட்டோடு அயல் வீடுகளுக்குப் போய்வரும் நாள். கொழும்பு முழுக்கச் சேர்ந்து அங்கே கொட்டிய குப்பை மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 32 பேர். இங்கே கொட்டாதீர்கள் என்று அந்தச் சனம் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது. மழையால் சரிந்தது என்று அண்ணா எழுந்து சொல்வார். மழை பெய்தது, நான் மறுக்கவில்லை. அந்தக் குப்பை உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருந்து போனது, அண்ணா. புதுச்சட்டை போட்டிருந்த பிள்ளைகள் மேல் விழுந்தது. அந்த 32 பேரையும் எந்த அணியின் கணக்கில் எழுதுவீர்கள், நடுவர் ஐயா? எழுதிவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள். வணக்கம்.