குரங்குக்கும் திசுப் பொருத்தம்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் காத்திருந்த குடும்பங்களுக்குத் திசுப் பொருத்தம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. தம்பி தானே முன்வந்தாலும், அவருடைய குருதியை எடுத்து, ஆறாவது நிறமூர்த்தத்தில் நெருங்கிக் கிடக்கும் சில பரம்பரை அலகுகள் அண்ணனுடையவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்த பின்னரே வைத்தியர்கள் முடிவு சொல்வார்கள். இதே பரிசோதனையைத் தடுப்பூசி ஆய்வுகளில் பயன்படும் ஆய்வுகூடக் குரங்குகளுக்கும் செய்கிறார்கள்.

அந்த அலகுகளின் இயல்பான வேலை நிர்ப்பீடனம். கலத்தின் உள்ளே உடைபடும் புரதங்களின் துணுக்குகளை ஏந்தி, கலத்தின் மேற்பரப்பில் காட்டும் மூலக்கூறுகளை அவை ஆக்குகின்றன. காட்டப்படுவது வைரசின் துணுக்கு என்றால், ரி கலங்கள் எனும் வெண்குருதிக் கலங்கள் அந்தக் கலத்தை அழித்துவிடும். ஏந்தும் மூலக்கூறின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே வைரசிலிருந்து ஒருவருடைய கலம் காட்டுவதை மற்றவருடைய கலம் காட்டாமல் போகலாம்.

றீசஸ் குரங்குகளில் மாமு-பி 08 என்றோர் எதிருரு, அதாவது பரம்பரை அலகின் மாற்று வடிவம், உண்டு. அதைச் சுமக்கும் குரங்குகளுக்கு எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி.யை ஏற்றினால், ஏறத்தாழப் பாதி எந்த மருந்துமின்றி வைரசைத் தாமாகவே அடக்கிவிடுகின்றன. ஒரு பேச்சுக்கு, தடுப்பூசி பெற்ற எட்டுக் குரங்குகளில் நான்கு இத்தகையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பிலேயே வந்த பலத்துக்குத் தடுப்பூசி பெயர் வாங்கிக்கொள்ளும். (மாமு என்பது மக்காக்கா முலாட்டா என்ற பெயரின் முதலெழுத்துகளால் ஆனது. அந்த முறைப்படி நம் தீவின் மக்காக்கா சினிகாவுக்குப் பெயரிட்டால் மாசி என்று வரும். சம்பலுக்கு இடிக்கும் மாசியோடு குழம்பிக்கொள்ள வேண்டாம்.)

மனிதரில் இவ்வகையின் முக்கிய அலகுகள் ஏ, பி, சி என மூன்றே. தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்தால் ஆறு வடிவங்களுக்கு மேல் வராது. றீசஸ் குரங்கிலோ சி கிடையாது. ஏயும் பியும் பல படிகளாகப் பெருகியிருக்கின்றன, அந்தப் படிகளின் எண்ணிக்கையும் குரங்குக்குக் குரங்கு மாறுகிறது. தெரிந்த எதிருரு ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசோதனை வைத்துத் தேடிய பழைய முறையில், தேடாதது கண்ணில் படாமலே போனது.

2009 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெருந்தொகையான டிஎன்ஏ துண்டுகளை ஒரே ஓட்டத்தில் வாசிக்கும் கருவியை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். குருதியிலிருந்து ஆர்என்ஏயை எடுத்து டிஎன்ஏயாக மாற்றி, வேறுபாடு மிகுந்த ஒரு குறுகிய பகுதியை மட்டும் பெருக்கி, சலவைக்குப் போகும் உடுப்பில் வீட்டுக் குறி இடுவதுபோல ஒவ்வொரு குரங்கின் துண்டிலும் சில டிஎன்ஏ எழுத்துகளாலான அடையாளத்தைச் சேர்த்து, எல்லாவற்றையும் கலந்து வாசித்தபின் குறியைப் பார்த்துக் கணினி பிரித்தெடுக்கிறது.

இதில் ஏமாறவும் இடமுண்டு. துண்டுகளைப் பெருக்கும் நொதியம் பாதி வழியில் ஓர் எதிருருவை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், எந்தக் குரங்கிலும் இல்லாத கலப்பு வரிசை ஒன்று முடிவில் தோன்றும். அக்காலக் கருவிகள் ஒரே எழுத்து ஐந்தாறு முறை தொடர்ந்து வந்தால் எண்ணுவதிலும் தடுமாறின. ஆகவே ஒரேயொரு முறை தலைகாட்டிய புதிய வரிசையை நம்பாமல், தனித்தனியாகச் செய்த பெருக்கங்களிலும் அது வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் எதிருருக்களைப் பிரிக்கவும் குறுகிய வாசிப்பால் முடியாது. முழு நீளத்தையும் வாசிக்கும் கருவிகள் பின்னர் வந்து இக்குறையை வெகுவாகத் தீர்த்தன.

மொறீசியஸ் தீவின் நீள்வால் குரங்குகளின் கதை வேறு. சில நூற்றாண்டுகளுக்கு முன் கப்பல்களில் வந்திறங்கிய சிலவற்றின் வழித்தோன்றல்களே அவை என்பதால், அவற்றின் இந்த அலகுத் தொகுதிகள் பெரும்பாலும் எம்1 முதல் எம்7 வரையான ஏழுக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே உறவில்லாத இரண்டு குரங்குகளுக்கிடையிலும் திசுப் பொருத்தம் கிடைக்கிறது. ஒப்பிடத்தக்க குழுக்களைச் சில குரங்குகளைக் கொண்டே அமைக்க முடிவதை இதன் பெரிய பயனாக நான் கருதுகிறேன்.

எந்த இனமானாலும் குருதியை முதல் ஊசிக்கு முன்பே எடுத்து வாசித்து, பி 08 போன்றவற்றைச் சுமக்கும் குரங்குகளைத் தடுப்பூசி பெறும், பெறாத இரு குழுக்களுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். ஆய்வு முடிந்த பின் வாசித்தால் முடிவு ஏன் கோணிற்று என்று அறியலாம். அந்தக் குரங்குகளைக் கொண்டு ஆய்வை மறுபடி தொடங்க முடியாது.