கடைசி பெஞ்சில் அமரும் சக ஆசிரியர்

ஆசிரியப் பெருமக்களே,

சக ஆசிரியர் ஒருவர் நம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து அமர்ந்ததும் நம் குரல் சற்றே மாறிவிடுகிறது. வந்தவர் நெருங்கிய நண்பராகவே இருக்கலாம். ஆனால் அவர் கையிலிருக்கும் குறிப்பேடு அவரை ஆய்வாளராக்கிவிடுகிறது.

பயிற்சி அரங்கில் கற்ற புதிய முறை வகுப்பறை வாசலைத் தாண்டாமலே நின்றுவிடுகிறதே என்று கவலைப்பட்ட அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களின் தொடக்கத்தில் ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துத் துணைநிற்பதைத் தீர்வாக முன்வைத்தபோது, பார்த்தவர் பின்னூட்டம் சொல்வதும் அதில் அடங்கியிருந்தது. அந்தப் பகுதியைத் தாங்கள் கைவிட்டுவிட்டதாக 1996-இல் அவர்களே எழுதினார்கள். கருத்துச் சொல்லத் தொடங்கிய ஆசிரியர்கள் தம்மை அறியாமல் மேற்பார்வையாளரின் தொனிக்குப் போனார்கள். கூடிச் செய்யும் வேலை குலைந்தது. பின்னூட்டத்தை விலக்கியபோதோ, புதிய முறையைக் கையாள்வதில் எந்தக் குறைவும் நேரவில்லை. இதைவிட என்னை வியக்கவைப்பது, வகுப்பிலுள்ள இரு ஆசிரியர்களின் இடங்களையும் அவர்கள் மாற்றிவைத்ததுதான்: பாடம் நடத்துபவரே பயிற்றுநர், பார்க்க வந்தவரே பயில்பவர்.

அதே 1996-இல் குளூகர், டெனிசி என்னும் உளவியலாளர்கள், ஆசிரியப் பணிக்கு வெளியேயும் பல துறைகளில் பின்னூட்டம் பற்றிக் கிடைத்த 607 ஆய்வு முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பின்னூட்டம் சராசரியில் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம்.

அப்படியானால் வாய் திறக்காமல் எழுந்து போய்விடலாமா? நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பாடம் நடத்துபவர் முன்கூட்டியே சொல்லட்டும். பார்ப்பவர் அதை மட்டும் குறிக்கட்டும். எடுத்துக்காட்டாக, கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகளும் நீள்கின்றன என்றும் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோவ் கண்டறிந்தார். "பிள்ளைகளை நீங்கள் யோசிக்கவிடுவதில்லை" என்பது தீர்ப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே நொடிகளை எழுதிய தாள் வெறும் பதிவு. தீர்ப்புக்கு மறுப்புச் சொல்லத்தான் தோன்றும், பதிவைக் கண்டவரோ தாமே அதிலிருந்து பேசத் தொடங்குவார். பார்த்தவரும் மறுநாள் தம் வகுப்பில் நொடிகளை எண்ணாமல் இருக்கமாட்டார்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தாள் பாடம் நடத்தியவரிடமே இருக்கட்டும். பணி மதிப்பீட்டுக் கோப்புக்கு அதன் நகல் ஒன்று போனாலும், அடுத்த முறை கடைசி பெஞ்சில் அமர்பவர் பார்ப்பது ஒத்திகை பார்த்த பாடமாகத்தான் இருக்கும்.