பதம் பார்த்த ஒரு சொல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விழாவுக்கு இந்த வளவைத் திறந்துவிட்ட பெரிய வீட்டு ஆச்சி அவர்களே, கோனாபட்டிலிருந்து பேருந்து மாறி வந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, பந்தியை நிறுத்திவைத்து எனக்காகக் காத்திருக்கும் காரியக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையில் சொல், தலைப்பு, பேச்சு வழக்கு ஆகிய மூன்றையும் நான் ஆராய்வதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்புகிறவன் நான்.

குதிரைவண்டிக்காரன் முருகேசன் அடிபட்டுக் கிடந்து பால் கஞ்சி கேட்கிறான்; வீட்டில் காசில்லை; தண்ணீர் எடுக்கப் போன அம்மாளு, தன்மீது கண் வைத்திருந்த ஒருவனோடு இருளில் மறைகிறாள். பிறகு, அவள் முக்கால் ரூபாய் ‘சம்பாதித்து’விட்டதாக ஆசிரியர் எழுதுகிறார். ‘பெற்றாள்’ என்றோ ‘வாங்கினாள்’ என்றோ எழுதவில்லை.

பதினைந்து வயதில் இதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டின் இரண்டாங்கட்டில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவரின் கை அந்த இடத்தில் நின்றது. “சம்பாதிச்சாள்னா போட்டிருக்கு? இன்னொருக்கா வாசி, அப்பச்சி” என்றார். எங்கள் வீட்டில் அந்த வினைச்சொல் ஆண்களுடையது. “ஐயா சம்பாதிக்கப் போயிருக்காக” என்றால், ரங்கூன் கடையில் கணக்கெழுதுகிறார், மூன்றாண்டு கழித்தே திரும்புவார் என்று பொருள். பெண்கள் சேர்த்துவைப்பதற்குச் சிறுவாடு என்று தனிப்பெயர் உண்டு. அது எத்தனை பெருகினாலும் சம்பாத்தியம் ஆகாது. இரண்டாம் முறை வாசித்ததும், பொறுக்கிய கல்லை முற்றத்தில் எறிந்துவிட்டு, “எழுதுனவருக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். கற்பைப் பற்றி ஆசிரியர் அடுத்துக் கேட்கும் கேள்வி இந்த ஒரு வினையிலேயே கேட்கப்பட்டுவிட்டது; என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிகூட மிகைதான்.

ஆனால், ஒரு சோறு பதம் பார்க்கவும் பானை வேண்டுமல்லவா? 1934இல் ‘மணிக்கொடி’யில் இச்சொல் எப்படி அச்சாயிற்று என்பதை அந்த இதழைப் புரட்டித்தான் சொல்ல முடியும். புதுமைப்பித்தனோ நம் காரைக்குடி ‘ஊழியன்’ இதழில் சிறிது காலம் வேலை பார்த்தவர்; அந்தக் காலத்து இதழ்கள் நம் வீடுகளிலும் இருக்கக்கூடும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் சென்னையில் நூலகமாகிப் பிழைத்தன. மற்ற வீட்டுப் பரண்களில் இருப்பவை? சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தபோது, தேக்குத் தூணுக்குத் தனித்தனியாக விலை பேசினார்கள். பழைய இதழ்க்கட்டுகள் கிலோக் கணக்கில் போயின. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மேலட்டை இல்லாத நான்கு இதழ்களே மிஞ்சியிருந்தன.

காரியக்காரர் சைகை காட்டுகிறார். தலைப்பும் பேச்சு வழக்கும் இன்னொரு மேடைக்கு இருக்கட்டும். வீட்டை விற்கத் துணிந்தவர்கள், நிலைப்படிக்கு விலை பேசுமுன் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள். ஏணி இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நானே கொண்டுவருகிறேன்.