நீ யாரு வீட்டுப் பிள்ளை?

நேயர்களுக்கு வணக்கம். நம்ம திருநெல்வேலிச் சீமையில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, “நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்பதுதான். அதற்குப் பதில் வந்த பிறகுதான் காப்பி வரும். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அரங்கில் இந்த வாரம் நடக்கிற ஓவியக் கண்காட்சியிலும் அதே கேள்விதான் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு பேருடைய படங்கள். ஒருவருக்கு வயது 76, இன்னொருவருக்கு 31. இருவருமே அரூப ஓவியம் வரைகிறவர்கள். மரம், மாடு, மனுஷர் யாரும் கிடையாது. நிறமும் கோடும் மட்டும்தான். பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்: “அந்தப் பொண்ணு இவர்கிட்ட படிச்சவளா?” இல்லை. “சொந்தமா?” அதுவும் இல்லை. “அப்புறம் எதுக்கு ரெண்டு பேர் படத்தையும் ஒண்ணா மாட்டியிருக்கீங்க?”

நான் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். மாட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

உண்மையைச் சொன்னால், முதலில் ஒன்றாக மாட்டவில்லை. இடது சுவர் பெரியவருக்கு, வலது சுவர் அந்தப் பெண்ணுக்கு என்று பாகப்பிரிவினை மாதிரி பிரித்துவிட்டோம். வேலை முடிந்து டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு சுவரும் உயிரில்லாமல் கிடந்தன. சரி என்று எல்லாவற்றையும் கழற்றி, ஒன்று விட்டு ஒன்றாக மாட்டினோம். சுவரில் வீணாய்ப்போன ஆணி ஓட்டைகளுக்காக அரங்கத்துக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பெரியவருடைய படம் ஒன்று, முழுக்கச் செம்மண் சிவப்பு. கத்தியால் சாயத்தை அப்பி, காயவைத்து, மறுபடி அப்பியது. அவர் திசையன்விளைப் பக்கம். அதனால், அந்தப் பக்கத்துச் செம்மணல் காடான தேரிக்காடு என்று எல்லோரும் சொல்வோம், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தப் படத்தை எனக்கு 20 வருஷமாகத் தெரியும். அன்றைக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் வெள்ளைப் படம் வந்தது. வெள்ளையின் மேல் ஸ்கேல் வைக்காமல் கையால் இழுத்த மெல்லிய கோடுகள், அவ்வளவுதான். அதைப் பார்த்த கண்ணோடு சிவப்புப் பக்கம் திரும்பினால், மேல் மூலையில் கத்தி முனையால் கீறிய ஏழெட்டுக் கோடுகள்! இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கின்றன. கட்டிச் சிவப்பு என்று நினைத்து நான்தான் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தப் பக்கம், தனியாக இருந்தபோது சுத்த வெள்ளையாகத் தெரிந்தது, சிவப்புக்குப் பக்கத்தில் லேசாகப் பச்சை கலந்ததுபோல ஆகிவிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பாரிசில் கோப்லான் என்ற திரைச்சீலை நெசவுச் சாலையில் சாயப்பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஒரு நிறத்துக்குத் தகப்பன் யார் என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் யார் என்பதுதான் முக்கியம் போலிருக்கிறது.

நிஜமாகவே ஒரே பள்ளி என்றாலும்கூட வம்சக் கணக்கு எனக்குப் பெரிதாக உதவியதில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தவர், இன்னொரு ஓவியர் ஆதிமூலம் 1938இல். பணிக்கர் முதல்வராக இருந்தபோது சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் ஆதிமூலம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்களும் வாசிக்க முடியாத எழுத்துகளுமாக நிறைந்திருக்கும். ஆதிமூலம் காந்தியைக் கறுப்புக் கோடுகளில் வரைந்து தள்ளிவிட்டு, பிற்பாடு எழுத்தும் உருவமும் இல்லாத நிறப் பரப்புகளுக்குப் போனார். ‘வாத்தியார், மாணவர்’ என்று சீட்டு ஒட்டினால் இதில் எது விளங்கும்?

மூன்றாம் நாள் பத்தமடையிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். பாய் நெய்கிறவர்கள். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பருத்தி நூலுக்குப் பாவு என்று பேர்; அந்தப் பாவுக்குள் மெல்லிசாகக் கிழித்த கோரையை ஒவ்வொன்றாகக் கொடுத்து நெருக்குகிற கை அது. யாரு மகள், யாரு சிஷ்யை என்று ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைப் படத்தின் கோடுகளை விரலால் காற்றிலேயே எண்ணினார்கள். அப்புறம் சிவப்புக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார்கள்.

“இந்தப் புள்ள பாவு மட்டும் போட்டு வச்சிருக்கு. அவரு கோரையை அடைச்சு முடிச்சிட்டாரு” என்றார்கள். ஒரு நிமிஷம் கழித்து, “ஆனா எய்யா, அவரு பாவையும் இன்னும் கொஞ்சம் வெளியே காட்டியிருக்கலாம்லா?” என்று மேல் மூலைக் கீறல்களைக் காட்டினார்கள். நான் 20 வருஷம் பார்க்காததை அவர்கள் இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. வேட்டி நுனியைப் பிடித்தபடி அந்தப் பெண்ணின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். “இதோடு போதும்னு எப்படிம்மா கைய எடுத்தே?” என்று அவளிடம் கேட்டார். “அன்னைக்குக் கரண்ட் போயிட்டு தாத்தா” என்றாள்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கிறது. காலையிலேயே வந்துவிடுங்கள், சாயங்காலம் ட்யூப்லைட் போட்டால் அந்த மூலை பளபளத்து, கீறல் தெரியாது. நன்றி, வணக்கம்.