பிடியாணைக்கு முன்னால் பிரதேச சபை

(மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ளூராட்சி உறுப்பினர்களும் கிராமச் சங்கத்தினரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தவிசாளர் அவர்களே, சபை உறுப்பினர்களே, கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் மாதர் சங்கங்களிலும் இருந்து வந்திருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம்.

மனநலம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். அது பெரிய விஷயம், முழுவதையும் நான் தொடப்போவதில்லை. சிறு குற்றமொன்றில் மாட்டி, பொலிஸ், நீதிமன்றம், மட்டக்களப்புச் சிறைச்சாலை என்று போய்ச் சேருகிற மனநோயாளர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அவர்களில் பலரை வழியிலேயே மறித்திருக்கலாம். மறிக்கக்கூடிய இடத்தில் பிரதேச சபையும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு கிளினிக் கொப்பியை எனக்குக் காட்டினார்கள். மாத ஊசி போடுகிற ஒரு இளைஞனுடையது. நாலு கிழமைக்கு ஒரு திகதி, பக்கத்தில் டொக்டரின் கையெழுத்து, ஒழுங்காகப் போகிறது. திடீரென்று இரண்டு திகதிகளுக்கு எதிரே ஒன்றும் இல்லை. கொப்பியின் பின்னட்டைக்குள் மடித்து வைத்த துண்டொன்றில் வழக்குத் தவணைகள் எழுதியிருந்தன. சந்தியில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டதாக ஒரு சின்ன வழக்கு. கிளினிக்கும் தவணையும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. நீதிமன்றத்துக்குப் பயந்து தாய் அவனை அங்கே கூட்டிப் போய்விட்டார், ஊசி தவறிவிட்டது. அடுத்த கிளினிக்குக்கு அவன் வர மறுத்தான். நித்திரை போனது. காதில் குரல் கேட்கத் தொடங்கியது. அந்த நிலையில் அடுத்த தவணைக்கு யார் அவனைக் கூட்டிப் போவது? போகவில்லை. பிடியாணை வந்தது. பிணையாளி கிடைக்கவில்லை. விளக்கமறியலில் போட்டார்கள்.

இதில் அவன் புதிதாக என்ன குற்றம் செய்தான்? ஒன்றுமில்லை. இரண்டு திகதிகள் மோதின, அவ்வளவுதான். உங்கள் வட்டாரத்தில் விசாரித்துப் பாருங்கள். "விசர் பிடிச்சு உள்ளுக்குப் போனவன்" என்று சொல்லப்படுகிற பலரின் கதைக்குள் தவறிய கிளினிக், தவறிய தவணை, கட்ட முடியாத தண்டப்பணம் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குகிறவர்களாகவும் ஏமாற்றப்படுகிறவர்களாகவும்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள்.

நம்முடைய மனநோய்க் கட்டளைச் சட்டத்தின் வேர் 1873 இல் இருக்கிறது. 1956 இல் திருத்தினார்கள். அது எழுதப்பட்ட காலத்தில் மனநோய்க்கு இன்றுள்ள மாத்திரையும் இல்லை, மாத ஊசியும் இல்லை. ஆளைப் பிடித்து எங்காவது அடைப்பதுதான் அன்றைக்குத் தெரிந்த வழி. ஆனால் சட்டத்தை மாற்றவே முடியாது என்றும் இல்லை. தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவர் மீது வழக்குப் போடலாம் என்ற நிலை இந்த நாட்டில் 1998 வரை இருந்தது. அதை நீக்கினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்குப் பொலிஸ் பயம் போனது. சட்டத்தை மாற்றுவது கொழும்பில் நடக்கிற வேலை. இங்கே நம்மால் என்ன முடியும் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற நகரத்தில், மனநோய் உள்ள ஒருவரைப் பொலிசார் சுட்டுக் கொன்ற பிறகு, 1988 இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மனநோயாளர் குடும்பங்களும் பல்கலைக்கழகமும் பொலிசும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தெரிவு செய்த பொலிசாருக்கு 40 மணித்தியாலப் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிப் பேசுவது, எங்கே கொண்டுபோவது என்று. கொண்டுபோன ஆளைத் தாமதமில்லாமல் ஏற்றுக்கொள்ள ஒரு ஆஸ்பத்திரியும் தயாராக இருந்தது. அதே நாட்டின் மயாமி-டேட் பகுதியில் 2000 ஆம் ஆண்டு ஒரு நீதிபதி முன்னின்று, சிறு குற்றத்தில் பிடிபடும் மனநோயாளரை வழக்கிலிருந்து சிகிச்சைக்குத் திருப்பும் முறையைத் தொடங்கினார். காலப்போக்கில் அங்கே ஒரு சிறைக்கட்டடத்தையே மூட முடிந்தது. அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் தொடக்கம் பணத்தால் வரவில்லை. பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் மூன்றும் ஒன்றோடொன்று பேசியதால் வந்தது. நம் ஊரில் இந்த மூன்றுக்கும் இடையில் ஓடித் திரிவது அந்தத் தாய் மட்டும்தான்.

சரி, சபைக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரி மாகாணத்தினதும் மத்திய அரசினதும் கையில், பொலிஸ் கொழும்பின் கையில். உண்மை. ஆனால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்து 3 ஆம் பிரிவை வாசியுங்கள். பொதுச் சுகாதாரமும் மக்களின் நலனும் சபையின் பொறுப்பு என்று அங்கே இருக்கிறது. தெருவிளக்குக்கும் குப்பைக்கும் மட்டும் எழுதிய சட்டமல்ல அது.

முதல் வேலை வாகனம். வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து கழுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டுமென்றால் பட்டிருப்புப் பாலம் தாண்ட வேண்டும், அல்லது மண்டூரில் ஓடம் ஏற வேண்டும். உள் கிராமத்தில் விடியப்புறம் யானைப் பயம், பஸ்சும் குறைவு. தடுமாறுகிற பிள்ளையை ஏற்றினால் பஸ்சில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முச்சக்கர வண்டி பிடிக்கத் தாயிடம் காசு இருக்காது. கிளினிக் நாளில் சபை ஒரு வாகனத்தை ஓடவிட்டால், அது பல பேருடைய ஊசி தவறாமல் காக்கும். கிளினிக்கைக் கிராமத்துக்குக் கொண்டுவர வைத்தியசாலை சம்மதித்தால் சபையின் சனசமூக மண்டபத்தைக் கொடுங்கள். மனநலப் பிரிவு என்று பெரிய பலகை மட்டும் வைக்க வேண்டாம். பலகையைக் கண்டால் சனம் வராது.

இரண்டாவது, திகதிகள். வழக்கும் கிளினிக்கும் ஒரே நாளில் விழுந்தால் யாராவது முன்கூட்டியே நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். கிளினிக் கொப்பியோடு ஒரு கடிதம் போனால் நீதவான் பெரும்பாலும் கேட்பார். அந்தக் கடிதத்தை எழுத அந்தத் தாய்க்குத் தெரியாது. பிணைக்கு வருகிறவருக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் வேண்டும், அதற்கும் அலைச்சல். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். சட்ட உதவி ஆணைக்குழு வசதியில்லாதவருக்குச் சட்டத்தரணி தருகிறது. இவர்களிடம் அந்தத் தாயைக் கூட்டிப் போய்விட வட்டார உறுப்பினர் ஒருவர் போதும். பெண் உறுப்பினர்கள் இதைச் செய்தால் இன்னும் நல்லது. இரவில் மகன் தூங்குவதில்லை என்று ஒரு தாய் இன்னொரு பெண்ணிடம்தான் முதலில் சொல்வார்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மனநோயாளர் பெயர்ப்பட்டியல் என்று ஒன்றைச் சபையில் தயாரிக்காதீர்கள். அது ஒரு நாள் வெளியே போகும். அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு வரும்போது போகும், காணிச் சண்டையில் போகும். விபரம் வைத்தியரிடம் இருக்கட்டும். சபைக்குத் தேவை எத்தனை பேருக்கு வாகனம் வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான்.

சீருடைக்குப் பயப்படுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது 2007 வரை யுத்தம் நடந்த மண். இங்கே சீருடையைக் கண்டு ஓடுகிறவனுக்கு நோயும் இருக்கலாம், காரணமும் இருக்கலாம். அவனைத் துரத்திப் பிடித்தால் நோய் கூடும். குடும்பங்களுக்கு ஆபத்தென்றால் 119 மட்டும்தான் தெரிகிறது. 1926 என்ற மனநல உதவி இலக்கமும், 1990 அம்புலன்சும் இருப்பதைச் சபையின் ஒவ்வொரு நூலகத்திலும் ஒட்டுங்கள். கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மாரிடமும், நூல் கட்டிப் பார்வை பார்க்கிற கட்டாடிமாரிடமும் சொல்லுங்கள். சனம் முதலில் போவது அவர்களிடம். நூல் கட்டட்டும், ஆனால் ஊசியை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், அது நாங்கள் சொல்வதைவிட எடுபடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதவான் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல் சமுதாய வேலைக்கு அனுப்பலாம். சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் அதைப் பார்க்கிறது. வேலை கொடுக்கச் சபை முன்வரலாம். நூலகம், பூங்கா, மரக்கன்று மேடை என்று இடமிருக்கிறது. கசிப்பு, ஐஸ் போதைப்பொருள் என்று மாட்டிய பையன்களில் சிலருக்கு இது சிறையைவிட எவ்வளவோ மேல், தகுதியைத் தீர்மானிப்பது நீதிமன்றம்.

2025 மே 6 ஆம் திகதி உங்களுக்கு வாக்குப் போட்ட வீடுகளில் நான் சொன்ன வீடுகளும் உண்டு. அடுத்த மாதாந்த அமர்வில் ஒரு பிரேரணை கொண்டுவாருங்கள். கிளினிக் நாளுக்கு ஒரு வாகனமும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பொலிஸ் பொறுப்பதிகாரி, மனநல வைத்திய அதிகாரி, பிரதேச செயலக உத்தியோகத்தர், சீர்திருத்த உத்தியோகத்தர் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைப்பதும் அதில் இருக்கட்டும். அந்த மேசையில் நோயாளர் குடும்பத்திலிருந்து ஒருவருக்கும் கதிரை போடுங்கள். பிரேரணையின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.