கலாட்டா பண்ணினால் குறள் சொல்லணுமா? அரசுப் பள்ளியில் தண்டனை எதுவரை?

"கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், தோலை உரிச்சு எடுத்துடுங்க!"

பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த எத்தனை அப்பாக்கள் வாத்தியாரிடம் இதைச் சொல்லியிருப்பார்கள்! உங்கள் வீட்டிலும் சொல்லியிருந்தால் கமெண்டில் ஒரு 'ஆமா' போடுங்கள். ஆனால் இன்று அந்த அப்பாவின் பேச்சைக் கேட்டு ஆசிரியர் பிரம்பை எடுத்தால், மாட்டிக்கொள்வது ஆசிரியர்தான்.

வணக்கம். பாடம் நடத்தவே விடாத ஒரு மாணவனை அரசுப் பள்ளி என்னதான் செய்யலாம்? பார்ப்போம்.

முதலில் சட்டம், வேகமாக. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அடிப்பதற்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடலை வருத்துவதோடு மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்கிறார்களே, அதுவும் தப்புதான். பிரிவு 16, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது. 2022 மே மாதம் அமைச்சர் அன்பில் மகேஸ், ஆசிரியர்களிடம் அத்துமீறும் மாணவர்களுக்கு டிசி கொடுப்போம், காரணத்தையும் அதிலேயே எழுதுவோம் என்று சட்டமன்றத்தில் சொன்னார். அதை எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளிடம் செய்ய முடியாது.

சரி, இனிதான் எனக்குப் பிடித்த இடம். அதே ஆண்டு பள்ளிக்கல்வித் துறை ஒரு பட்டியல் அனுப்பியது. முதல் முறை தப்பு செய்தால் அழைத்துப் பேசி அறிவுரை. மறுபடியும் செய்தால்? திருக்குறளைப் பொருளோடு சொல்ல வேண்டும், நீதிக்கதை சொல்ல வேண்டும், இப்படிப் போகிறது. அடிக்குப் பதில் குறள் என்பது நல்ல மனசுதான். ஆனால் குறளை இம்போசிஷன் ஆக்கினால் பிள்ளைக்குக் குறள்மேல்தான் வெறுப்பு வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எப்படித் தண்டிக்க வேண்டும் என்று குறளே சொல்கிறது, தெரியுமா? 561-ஆவது குறள்:

"தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால்
ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து."

ராஜாவுக்குச் சொன்னது. நடந்ததைத் தக்கபடி விசாரி, மறுபடி நடக்காதபடி, குற்றத்துக்கு ஏற்ற அளவில் தண்டி. அடுத்த குறள் இன்னும் அழகு: "கடிதோச்சி மெல்ல எறிக." ஓங்கும்போது பலமாக ஓங்கு, விழும்போது மெல்ல விழட்டும். இந்த இரண்டையும் மாணவன் ஒப்பிக்க வேண்டாம், ஆசிரியர்கள் ஓய்வறைச் சுவரில் எழுதி வையுங்கள் என்பேன்.

அந்த 'நாடி', அதாவது 'விசாரித்து', என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்த வீடியோவே. அமெரிக்காவில் 1975-ல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையே சொன்னது: ஒரு மாணவனைச் சில நாள் சஸ்பெண்ட் செய்வதானாலும், என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி, அவன் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

நான் படித்த அரசுப் பள்ளியில், கணக்கு வகுப்பு முழுக்கப் பெஞ்சில் தாளம் போடும் ஒருவன் இருந்தான். காம்பஸ் டப்பா, ஸ்கேல், விரல், எது கிடைத்தாலும் தட்டுவான். முட்டி போடவைத்தார்கள், வெளியே நிற்கவைத்தார்கள், தட்டல் நிற்கவில்லை. ஒருநாள் புதிதாக வந்த சார் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்டா தட்டுற?" என்று மெதுவாகக் கேட்டார். "தூக்கம் வந்துடும் சார்" என்றான். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவோடு மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறான் என்று அப்புறம்தான் தெரிந்தது. சார் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசினார். மூட்டை இறக்குவது சனி, ஞாயிறு என்று ஆனது. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் பீரியடு மணி அடிக்கும் வேலையையும் அவனுக்கே கொடுத்தார்.

ஆனால் அன்று அந்த சாருக்குக் கேட்க நேரம் இருந்தது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவும் பாக்கி இருக்கும்போது, ஒருவனோடு பத்து நிமிஷம் உட்கார்வது எப்படி? பள்ளிக்கு ஒரு ஆலோசகர் வேண்டும், வாரம் ஒருநாள் எட்டிப்பார்ப்பவராக இல்லாமல் முழுநேரமாக. ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கிய அரசாங்கம் அந்த ஆளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் தாளம் போடுபவனை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.