பொத்தான் மேல் ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் இருபத்தாறு வருஷமாகத் துணி மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து வருகிறேன். இன்றைக்குப் பொத்தான் வைத்துத் தைத்த சட்டையில் படம் அச்சிடுவதைப் பற்றிப் பேச ஆசை.

நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் முன்பட்டியைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பொத்தான் தனி மேடு. பட்டியில் துணி மடிந்து கனத்திருக்கும். பை ஓரத்தில் தையல் தடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த மேடெல்லாம் ஸ்கிரீனுக்குத் தெரியும்.

சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைதான் ஸ்கிரீன். மேலே மையை வைத்து ரப்பர் கட்டையால் இழுத்தால், படத்துக்காகத் திறந்து விட்ட கண்கள் வழியே மை துணியில் இறங்கும். இப்போது பாலியஸ்டர் வலை. 1907இல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் காப்புரிமை வாங்கியபோது அது பட்டு வலை. பட்டு நெய்கிற பேட்டைக்காரன் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

வலைக்கும் துணிக்கும் நடுவே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குல அளவுக்குள் இடைவெளி இருக்கும். ரப்பர் போகும்போது வலை துணியைத் தொட வேண்டும், போனதும் விலக வேண்டும். நடுவில் பொத்தான் நின்றால் வலை அங்கே கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். சுற்றிலும் மை படாமல் வெள்ளை வளையம் விழும்.

ஒரு ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக எங்கள் தெருப் பையன்கள் அறுபது மஞ்சள் சட்டை கொண்டுவந்தார்கள். எல்லாம் தைத்து முடித்தவை. மார்பு முழுக்கச் சூலம் வேண்டுமாம். வெள்ளை வளையம் விழ விழ நான் அமுக்கி இழுத்தேன். அமுக்கினால் மை அடியில் புகுந்து இழுகியது. இன்னும் அமுக்கினேன். பதினோராவது சட்டையில் வலை பொத்தான் இடத்தில் கிழிந்தது. மறுபடி வலை கட்டி, வெளிச்சம் பட்டால் இறுகும் மருந்து தடவி, காயவைத்து, வெளிச்சம் காட்டிக் கழுவ வேண்டும். விடிந்தால் சட்டை கொடுக்க வேண்டும்!

பக்கத்துக் கடைத் தச்சர் எட்டிப் பார்த்தார். "ஏண்ணா, கதவுக்குக் கீல் வெக்கறப்ப கீலையா தட்டிச் சப்பையாக்கறோம்? மரத்தைத்தானே குடையறோம்?"

அவ்வளவுதான். சட்டைக்குள் செருகும் பலகையில், முன்பட்டி அகலத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் குடைந்து கொடுத்தார். பட்டி அதற்குள் இறங்கியது, பொத்தானின் தலை துணி மட்டத்துக்கு வந்தது. மேட்டை அமுக்காதீர்கள், பலகையைக் குடையுங்கள். தொழில் பழக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் நாளே சொல்கிறேன். பைத் தையலா? அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு ரப்பர் ஷீட் ஒட்டிப் பலகையை உயர்த்துங்கள், அதுவும் குடைந்த மாதிரிதான்.

பள்ளத்தின் இரு ஓரத்திலும் மை கொஞ்சம் மெலியும், உண்மை. அதனால் அந்த இடத்தில் படத்தையே பிரித்து விடுவேன். சூலத்தைத் தண்டோடு நடுவில் வைக்காமல், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்தேன். பையன்களுக்கு அதுதான் பிடித்தது. திருப்பூரில் செய்கிற மாதிரி தைக்கும் முன்பே வெட்டிய துணியில் அச்சிட்டால் இந்தப் பாடே இல்லை. சட்டை எடுக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏற்காட்டுக் குளிருக்குப் போடும் ஜிப் வைத்த ஜெர்கினைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். ஜிப்பை மூடிவிட்டு, அதே பள்ளம். பிளாஸ்டிசால் என்கிற பிளாஸ்டிக் மை வெந்து இறுக 160 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும், மலிவான பொத்தான் அதில் நெளியலாம். ஒரு பொத்தானை முதலில் தனியாகச் சூட்டில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.